கப்பற் பொறியியலும் பல்கலைக்கழகக் கல்வியும்

நாற்புறமுங் கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தவர் நாம். ஆயினும், எம் மாணவர் உயர்கல்வியைப் பற்றிச் சிந்திக்கும்போது மருத்துவம், சட்டம், கணக்கியல், கட்டடப் பொறியியல் என்பனவே அவர்தம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கடலையும் கடலில் ஓடுங் கலத்தையும் பொருளாகக் கொண்ட கல்வியொன்று நூறாண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழகங்களில் நிலவி வருகின்றதென்பதைச் சிலரே அறிவர். அறிந்தவருள்ளும் பலர் பட்டம் பெற்றவுடன் கப்பலில் எந்திரியாகிவிடலாம் என எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்துடன் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய பின்னர், பட்டம் வேறு, கடலிற் பணிபுரியுந் தகுதிச் சான்று வேறு என்பதை அறிந்து திகைக்கும் பெற்றோரும் உளர். ஆகலின், இக்கல்வி யாது, அதிற் பயிலப்படுவன யாவை, அதனை நாடும் மாணவன் முன்னரே அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பவற்றை இம்மலரின் வாயிலாக எம் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் எடுத்துக் கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

கைப்பழக்கமும் கல்வியும்

கலங் கட்டுதலும் கடலோடுதலும் எம்மவர்க்குப் புதியன அல்ல. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறையை அடைந்தமையை யாவரும் அறிவர். அத்தகைய கலங்களை ஆக்கியோர் கல்லூரிப் பட்டத்தால் அத்திறனைப் பெற்றவரல்லர். தந்தையிடமிருந்து மைந்தன் கற்ற கைப்பழக்கமும் கண்ணளவுமே அவர்க்குத் துணையாயின.

அக்கைப்பழக்கத்தை இகழ்தல் எம் நோக்கமன்று. ஆனால் அதற்கோர் எல்லை உண்டு. முன்பு கட்டிய கலத்தைப் போன்ற இன்னொன்றைக் கட்டுவதற்கு அது போதும். முன்பு ஒருவருங் கட்டியிராத கலமொன்றைக் கட்டுதற்கோ, அதன் பொறி எவ்வளவு வலுவுடையதாயிருத்தல் வேண்டுமெனக் கூறுதற்கோ அது போதாது. மரத்தின் இடத்தை இரும்பும், பாயின் இடத்தை நீராவியும் பற்றிய 19ஆம் நூற்றாண்டில் இவ்வெல்லை தெளிவாகப் புலப்பட்டது. அப்போதுதான் கப்பலியல் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தது. கிளைட் ஆற்றங்கரையிற் கப்பற்பொறிகளைச் சீர்திருத்தி நிலக்கரிச் செலவைப் பெரிதுங் குறைத்த ஜோன் எல்டர் என்பாரின் நினைவாக, அவர்தம் மனைவியார் இசபெல்லா அம்மையார் அளித்த நிதியைக் கொண்டு, 1883ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் கப்பலமைப்பியலுக்கெனப் பேராசிரியர் பதவியொன்று நிறுவப்பட்டது. உலகில் அத்துறைக்கென ஏற்பட்ட முதற் பேராசிரியர் பதவி அதுவேயாம். இன்று அவ்வியல் அந்நகரின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திற் பயிற்றப்படுகின்றது.

இருவேறு துறைகள்

கப்பலமைப்பியல், கப்பற் பொறியியல் என்னும் இரண்டனையும் மாணவர் வேறுபிரித்தறிதல் வேண்டும். கப்பலின் உடலை, அதாவது அதன் வடிவம், மிதப்பு, உறுதி, நிலைபேறு என்பவற்றை ஆராய்வது முன்னையது. அதன் உயிர்ப்பை, அதாவது தலைமைப்பொறி, கொதிகலம், மின்பிறப்பாக்கி, பம்பி, குளிரூட்டி, சுக்கானைத் திருப்பும் பொறி என்பவற்றை ஆராய்வது பின்னையது. உடலின்றி உயிர் நில்லாதவாறு ஒன்றின்றி மற்றொன்று நில்லாது. எனவே ஒவ்வொரு துறை மாணவனும் மற்றைய துறையின் அடிப்படையையும் பயில்கின்றான்.

நிலத்திலுள்ள பொறியியலிலிருந்து இது எவ்வாறு வேறுபடும் எனச் சிலர் வினவுவர். தொழிற்சாலையில் ஒரு பம்பி பழுதுற்றால் வேலையை நிறுத்தலாம், புதிய உறுப்பைக் கடையில் வாங்கலாம், அறிந்தவரை அழைக்கலாம். நடுக்கடலில் இவற்றுள் ஒன்றுஞ் செய்ய இயலாது. அங்கே மின்சார நிலையமும் நீர் வழங்கு சபையும் தீயணைக்கும் படையும் கப்பலுக்குள்ளேயே உள்ளன. அவற்றை நடத்துவோரும் எந்திர அறையிலுள்ள சிலரேயாவர். பொறி நிற்கும் தளமும் ஓரிடத்தில் நில்லாது அலையுடன் ஆடும். சூழ்ந்துள்ள நீரோ உலோகத்தை அரிக்கும் உப்புநீர்.

பயிலப்படுவன

இப்பட்டப்படிப்பு பெரும்பாலும் நான்காண்டுக் காலத்தது. முதலாண்டிற் கணிதம், பௌதிகம், பொறிமுறை வரைதல், பட்டறைப் பயிற்சி என்பனவும், அடுத்து வெப்பவியக்கவியல், பாய்பொருளியல், பொருள்களின் வலிமை, உலோகவியல், மின்னியல் என்பனவும், இறுதியிற் கப்பற்பொறிகள், கப்பலின் நிலைபேறு, தன்னியக்கக் கட்டுப்பாடு, கடற்சட்டம், சூழற்பாதுகாப்பு என்பனவும் பயிற்றப்படும். பெயர்களை அடுக்குவதால் மட்டும் ஒரு கல்வியின் சுவை விளங்காது. ஆகலின் அவற்றுட் சிலவற்றை எடுத்துக்காட்டுகளுடன் நோக்குவாம்.

முதலாவதாகக் கப்பலின் நிலைபேற்றை எடுத்துக்கொள்வோம். கப்பலின் நிறை முழுவதும் புவியீர்ப்பு மையத்தினூடே கீழ்நோக்கித் தாக்குகின்றது; நீரின் மேலுதைப்பு மிதப்பு மையத்தினூடே மேல்நோக்கித் தாக்குகின்றது. கப்பல் ஒருபுறஞ் சாயும்போது நீருள் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையமும் அப்புறம் நகர்கின்றது. அப்போது மேலுதைப்பின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியே மெற்றாசென்ரர் எனப்படும். பிரெஞ்சு அறிஞர் பூகே 1746ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனை விளக்கினார். இப்புள்ளி புவியீர்ப்பு மையத்திற்கு மேலே இருக்குமாயின் சாய்ந்த கப்பல் நிமிரும். கீழே இருக்குமாயின் மேலுஞ் சாயும்.

இதனை அறிதல் பொறியாளனுக்கு எற்றுக்கெனின், எரிநெய்யையும் நன்னீரையும் ஒரு தாங்கியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுபவன் அவனே. தாம்பாளமொன்றிற் பாதியளவு நீர் வைத்துத் தூக்கிச் செல்வோர், சிறிது சரிந்தாலும் நீர் முழுவதும் ஒருபுறம் பாய்வதைக் கண்டிருப்பர். பாதி நிரம்பிய தாங்கியும் அத்தகையதே. நிரம்பிய தாங்கியாலும் வெறுந் தாங்கியாலும் இத்தீங்கு நேராது. அகன்ற தாங்கியை நடுவே நெடுஞ்சுவரொன்றால் இரண்டாகப் பிரித்தால் இத்தீங்கு அரைவாசியாகக் குறையுமெனப் பலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது நாலிலொரு பங்காகக் குறையும். ஏனெனில், இவ்விளைவு தாங்கியின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. அகலம் அரைவாசியாகும்போது ஒவ்வோர் அறையிலும் எட்டிலொரு பங்கும், ஈரறைகளிலுஞ் சேர்த்து நாலிலொரு பங்கும் எஞ்சும்.

இரண்டாவது, கப்பலின் தடையும் அதனை வெல்லும் வலுவுமாம். வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் ஒக்ஸ்போட்டிற் கணிதம் பயின்றவர். பெருங்கப்பலைக் கட்டிய பின்னர் அதன் குறையை அறிவதினும், சிறிய மாதிரியை நீர்த்தொட்டியில் இழுத்து முன்னரே அறியலாம் என அவர் கூறினார். 1872ஆம் ஆண்டளவில் டோர்க்கீ நகரில் அதற்கெனத் தொட்டியொன்றையும் அமைத்தார். மாதிரியை எவ்வளவு வேகத்தில் இழுப்பது? வேகம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறவேண்டும் என்பதே அவர் கண்ட விதி. 100 மீற்றர் நீளமுள்ள கப்பலுக்கு 4 மீற்றர் மாதிரி அமைப்பின், நீளம் 25இல் ஒரு பங்கு; வேகம் 5இல் ஒரு பங்கு. ஆகவே கப்பல் மணிக்கு 16 கடல்மைல் ஓடவேண்டுமாயின் மாதிரியை 3.2 கடல்மைல் வேகத்தில் இழுத்தல் வேண்டும். அப்போது மாதிரி எழுப்பும் அலைகள் கப்பல் எழுப்பும் அலைகளின் வடிவத்தையே ஒத்திருக்கும். நீரின் உராய்வு இவ்விதிக்கு உட்படாமையால் அதனை அவர் தனியே அளந்து கணக்கிட்டார். இன்று கணனியின் துணையுடன் பல செய்யப்படினும், நீர்த்தொட்டிச் சோதனை கைவிடப்படவில்லை.

இதனோடு தொடர்புடைய கணக்கொன்றை எம் உயர்வகுப்பு மாணவர் தாமே செய்து பார்க்கலாம். கப்பலை ஓட்டத் தேவையான வலு, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது அண்ணளவான விதி. 20 கடல்மைல் வேகத்தை 18 ஆகக் குறைத்தால், அதாவது பத்திலொரு பங்கு குறைத்தால், தேவையான வலு 0.9இன் மும்மடியாகிய 0.729 ஆகும். பயண நேரம் சிறிது கூடுவதையுஞ் சேர்த்துக் கணக்கிட்டால், அதே தூரத்திற்குச் செல்லும் எரிநெய் 0.81 பங்கு. வேகத்திற் பத்திலொன்றை விட்டுக்கொடுத்தவன் எரிநெய்யில் ஏறத்தாழ ஐந்திலொன்றை மீதப்படுத்துகின்றான். எரிநெய் விலை ஏறும்போதெல்லாம் கப்பல்கள் மெதுவாகச் செல்வதன் காரணம் இதுவே.

மூன்றாவது, வெப்பவியக்கவியல். இன்றைய வணிகக் கப்பல்களுட் பெரும்பாலானவை டீசற் பொறியால் ஓடுவன. 1912ஆம் ஆண்டிற் கொப்பன்கேகனிற் கட்டப்பெற்ற செலாண்டியா என்னும் கப்பல் ஆழ்கடலோடிய டீசற் கப்பல்களுள் முன்னோடியாம். 2006ஆம் ஆண்டிற் கடலோடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் என்னும் கப்பலின் தலைமைப்பொறி 14 உருளைகளைக் கொண்டது. ஒவ்வோர் உருளையின் விட்டம் 960 மில்லிமீற்றர். முசலம் மேலுங் கீழுஞ் செல்லுந் தூரம் 2.5 மீற்றர், வலு ஏறத்தாழ 80,000 கிலோவாற்று. இத்துணைப் பெரிய பொறி நிமிடத்திற்கு 102 தடவைகள் மட்டுமே சுழலும். பெரிய உந்துவிசிறி மெதுவாகச் சுழல்வதே நீரிற் பயன்மிக்கது என்பதே அதன் காரணம்.

இத்தகைய பொறிகள் எரிநெய்யின் வெப்பத்தில் ஏறத்தாழ அரைவாசியை வேலையாக மாற்றுகின்றன. எஞ்சிய அரைவாசி புகையுடனும் குளிரூட்டும் நீருடனும் வெளியேறுகின்றது. அதனை வீணாக விடாமை பொறியாளனின் கடமை. புகையின் வெப்பத்தாற் கொதிநீராவி ஆக்கப்படுகின்றது. குளிரூட்டும் நீரின் வெப்பத்தாற் கடல்நீர் நன்னீராக்கப்படுகின்றது. குளிரூட்டும் நீரின் வெப்பநிலை 100 பாகையை எட்டாதே, அதனாற் கடல்நீரை எங்ஙனங் கொதிக்கவைக்கலாம் என மாணவர் வினவலாம். அமுக்கத்தை வளிமண்டல அமுக்கத்திற் பத்திலொரு பங்காகக் குறைத்தால் நீர் ஏறத்தாழ 46 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். பௌதிக வகுப்பிற் படித்த ஒரு சிறு விதி நடுக்கடலில் மாலுமிகளுக்குக் குடிநீர் அளிக்கின்றது.

நான்காவது, உலோகமும் உப்புநீரும். இதற்கு இரசாயனப் பேரறிஞர் ஹம்பிரி டேவியின் அனுபவத்தையே பாடமாகக் கொள்ளலாம். அக்காலப் போர்க்கப்பல்களின் அடிப்புறத்திற் செப்புத் தகடு பொருத்துவது வழக்கம். அத்தகடு கடல்நீரில் அரிபடுதலைத் தடுக்குமாறு கேட்கப்பட்ட டேவி, செம்புடன் நாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அவ்வுலோகமே அரிபட்டுச் செம்பைக் காக்குமென 1824ஆம் ஆண்டிற் காட்டினார். செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் கப்பல்களின் அடியிற் பாசியும் கொட்டலசும் படர்ந்து அவற்றின் வேகத்தைக் கெடுத்தன. சிறிது சிறிதாகக் கரைந்த செம்பின் நஞ்சே அதுகாறும் அவ்வுயிர்களை அணுகவிடாது தடுத்திருந்தது. அரிப்பைத் தடுத்தவுடன் அந்நஞ்சும் நின்றது. டேவியின் இரசாயனத்திற் பிழையில்லை. கப்பலுக்கு வேண்டியது இரசாயனம் மட்டுமன்று. எனினும் அவர் கண்ட முறை வீண்போகவில்லை. இன்றும் இரும்புக் கப்பல்களின் உடலில் நாகக் கட்டிகள் பொருத்தப்பட்டு, இரும்புக்காகத் தாம் கரைகின்றன.

வகுப்பறையும் பட்டறையும்

இக்கல்வியிற் புத்தகமும் கைத்தொழிலும் இணைய வேண்டியதற்கு ஓர் உயர்ந்த சான்று சார்ள்ஸ் பார்சன்ஸ் என்பாரின் வரலாறு. அவர் டப்ளின் திரித்துவக் கல்லூரியிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் கணிதம் பயின்று 1877ஆம் ஆண்டிற் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்; பிரபுவின் மைந்தர். அங்ஙனமிருந்தும் பட்டம் பெற்றபின் நியூக்காசில் நகரிலுள்ள ஆம்ஸ்ரோங்கின் பட்டறையிற் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார்.

பின்னர் அவர் நீராவி டர்பைனை ஆக்கினார். அதனைப் பொருத்தி 1894ஆம் ஆண்டில் டர்பினியா என்னுஞ் சிறு கப்பலை நீரில் இறக்கினார். கணக்கின்படி அது பெருவேகம் ஓடவேண்டும், ஓடவில்லை. உந்துவிசிறி மிக விரைவாகச் சுழன்றமையால் இதழ்களின் பின்னே நீரின் அமுக்கங் குறைந்து ஆவிக்குமிழிகள் தோன்றின. விசிறி நீரைத் தள்ளாது குமிழிகளிடையே வீணிற் சுழன்றது. பார்சன்ஸ் மனந்தளரவில்லை. கண்ணாடிச் சாளரமுள்ள சிறு நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து அக்குமிழிகளைக் கண்ணாற் கண்டு ஆராய்ந்தார். முடிவில் ஒரு தண்டிற்குப் பதிலாக மூன்று தண்டுகளும், அவற்றில் ஒன்பது விசிறிகளும் பொருத்தினார். 1897ஆம் ஆண்டில் ஸ்பிற்கெட்டில் நடைபெற்ற கடற்படை அணிவகுப்பில் டர்பினியா மணிக்கு 34 கடல்மைல் அளவான வேகத்திற் போர்க்கப்பல்களினிடையே பாய்ந்து சென்றது. கணிதம் மட்டும் அறிந்தவர் அத்தோல்வியின் காரணத்தைத் தேடித் தொட்டி அமைத்திரார். பட்டறை மட்டும் அறிந்தவர் டர்பைனையே சிந்தித்திரார்.

பட்டமும் தகுதிச் சான்றும்

இனி, மாணவரும் பெற்றோரும் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதிக்கு வருவாம். கப்பலிற் பொறியாளனாகப் பணிபுரிதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் போதாது. கடலோடிகளின் பயிற்சி, சான்று, காவற்பணி என்பவற்றின் தரங்களை வகுத்த சருவதேச உடன்படிக்கையொன்று 1978ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1995இலும் 2010இலும் பெரிதுந் திருத்தப்பட்டது. அதன்படி, 750 கிலோவாற்றும் அதற்கு மேலும் வலுவுள்ள பொறி பொருந்திய கப்பலிற் காவற்பொறுப்பேற்கும் பொறியாளன், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தினுட் பட்டறைப் பயிற்சியுங் கடற்சேவையுமாகக் குறைந்தது 12 மாதங்கள் கழித்திருத்தல் வேண்டும். அவற்றுள் ஆறு மாதங்களாவது எந்திர அறையிற் காவற்பணி புரிந்திருத்தல் வேண்டும். அதன்பின் தகுதித் தேர்விற் சித்தியெய்திச் சான்று பெறுகின்றான். இரண்டாம் பொறியாளன், தலைமைப் பொறியாளன் என்னும் படிகளுக்கு மேலுங் கடற்சேவையும் தேர்வுகளும் உள. எம் நாட்டில் இச்சான்றுகள் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றொழிற் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகின்றன.

ஆகவே வழிகள் இரண்டு. கடற்பயிற்சியையும் உள்ளடக்கிய படிப்பிற் சேர்ந்து கப்பற் பொறியாளனாதல் ஒன்று. கப்பற் கட்டுதளம், துறைமுகம், வகைப்படுத்துங் கழகம், ஆராய்ச்சி நிலையம் என்பவற்றிற் பணிபுரிதற்கேற்ற பட்டம் பெறுதல் மற்றொன்று. இரண்டும் உயர்ந்தனவே, ஒன்றை எண்ணி மற்றொன்றிற் சேர்தலே தீங்கு. எம் நாட்டில் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் கப்பற் பொறியியற் பட்டப்படிப்பு உண்டு. 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலும் இது நான்காண்டுப் பட்டமாகப் பயிற்றப்படுகின்றது.

எங்குச் சேரினும், பணங் கட்டுமுன் நான்கு வினாக்களை எழுத்திற் கேட்டு எழுத்திலேயே விடை பெறுதல் நன்று. இப்படிப்புத் தகுதிச் சான்றிற்கென எந்நாட்டுக் கப்பற்றுறை அதிகாரத்தால் அங்கீகரிக்கப்பட்டது? கடற்பயிற்சிக்குரிய கப்பலிடத்தை நிறுவனமே ஒழுங்கு செய்யுமா, மாணவனே தேடல் வேண்டுமா? பட்டறைப் பயிற்சி எத்தனை மாதம், எங்கே? சான்றினை எம் நாட்டுக் கப்பற்றுறைப் பணியகம் ஏற்குமா? இவற்றுள் இரண்டாவது வினாவிற்குத் தெளிவான விடை இல்லையாயின் மிக்க எச்சரிக்கை வேண்டும். பட்டம் கையிலிருந்தும் பயிற்சிக்குக் கப்பல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேரலாம். மேலும், கண்பார்வை, நிறங்களை வேறுபிரித்தறியும் ஆற்றல் என்பவற்றை மருத்துவரிடம் முதலிலேயே சோதித்துக்கொள்ளல் வேண்டும். படிப்பை முடித்தபின் இக்குறை தெரியவரின் பொருளும் காலமும் வீணாம்.

பொறுப்பின் பெருமை

இத்தொழிலின் ஊதியம் பெரிதெனப் பேசுவோர் அதன் பொறுப்பையும் பேசுதல் வேண்டும். 1912ஆம் ஆண்டில் டைற்றானிக் கப்பல் மூழ்கியபோது அதன் பொறியாளர்களுள் ஒருவரும் உயிர் தப்பவில்லை. எம் கண்முன்னே, 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, கிழக்குக் கரையிற் சங்கமன்கண்டி முனைக்கப்பால் நியூ டயமன்ட் என்னும் எண்ணெய்க் கப்பலின் எந்திர அறையிற் கொதிகலம் வெடித்துத் தீப்பற்றியது; கப்பற்பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். அக்கப்பலில் ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. அச்சரக்குக் கடலிற் கொட்டியிருப்பின் எம் கிழக்குக் கரை மீனவரின் வாழ்வு என்னாகியிருக்குமெனச் சொல்ல வேண்டுவதில்லை. கொதிகலத்தின் அமுக்கமும் நீர்மட்டமும் தேர்வுத்தாளில் வரும் வினாக்கள் மட்டுமல்ல என்பதை மாணவர் உணர்தற்கு இஃதொன்றே சாலும்.

பெண்கள் இத்துறைக்கு ஏற்றவரல்லர் எனக் கருதுவோர் விக்ரோரியா டிரமண்ட் அம்மையாரை அறிதல் வேண்டும். 1940ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கில் அவர் பணிபுரிந்த பொனிற்றா என்னுங் கப்பல் வானத்திலிருந்து தாக்கப்பட்டபோது, ஏனையோரை எந்திர அறையினின்றும் வெளியேற்றிவிட்டுத் தாம் தனித்து நின்று பொறியை இயக்கிக் கப்பலைக் காத்தார். அவ்வீரத்திற்காக அவருக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

வருங்காலத்தில் இக்கல்வியின் தேவை மேலும் பெருகும். கப்பல் எரிநெய்யிலுள்ள கந்தகத்தின் உச்ச அளவு 2020ஆம் ஆண்டு தை முதலாந் திகதி தொடக்கம் நூற்றுக்கு 3.5இலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2050ஆம் ஆண்டளவிற் கப்பற்போக்குவரத்தின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டை நிகரப் பூச்சியமாக்குதலைச் சருவதேசக் கடல்சார் அமைப்பு 2023இற் குறிக்கோளாக வகுத்தது. மெதனோலை எரித்தால் ஒரே அளவு சக்திக்குத் தாங்கியின் கனவளவு இரண்டு மடங்கிற்கு மேல் வேண்டும். அமோனியாவை எரித்தால் காபனீரொட்சைட்டு எழாது, ஆனால் அது நச்சுவாயு. இவற்றிற்கு இன்னும் முற்றுப்பெற்ற விடையில்லை. அவ்விடையைக் காண்போர் இன்று எங்கோ ஒரு வகுப்பறையிற் கணிதமும் பௌதிகமும் பயின்றுகொண்டிருத்தல் வேண்டும்.

அவருட் சிலரேனும் எம் கல்லூரி மாணவராயிருத்தல் கூடாதோ? அதற்கு வேண்டுவன எட்டாதன அல்ல. கணிதத்தையும் பௌதிகத்தையும் மனனஞ் செய்யாது விளங்கிப் படித்தல், கையில் எண்ணெய் படிய வேலை செய்தற்கு நாணாமை, ஆங்கிலத்தில் ஐயமறப் பேசவும் எழுதவும் பழகுதல் என்னும் மூன்றுமேயாம். கடற்றொழிலிலும் துறைமுகப் பணியிலும் அனுபவமுள்ள பழைய மாணவர், ஆண்டிற்கொரு முறையேனும் கல்லூரிக்கு வந்து உயர்வகுப்பு மாணவருடன் உரையாடுவாராயின், மேற்கூறிய நான்கு வினாக்களுக்கும் விடை தேடி அலையும் பெற்றோரின் சுமை பாதி குறையும். இவ்விழா ஆண்டிற் பழைய மாணவர் தம் கல்லூரிக்குச் செய்யக்கூடிய கைம்மாறுகளுள் இதுவும் ஒன்றாகுமென்பது எம் துணிபு.